நாற்பத்தோராவது வாக்கியம்

பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றோம். பன்னிரண்டு தலையிலும் தேங்காய் எண்ணெய் வழிந்தது. பன்னிரண்டு வேட்டியும் முதல் நாள் துவைத்தது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் கையை விட்டுப் போகாத ரப்பர் பால் நாற்றத்தோடு, கல்லுமலைத் தோட்டத்து ஆபீஸ் வாசலில், வெயில் ஏறிய நேரத்தில், துரையோடு இங்கிலீஷ் பேசுவதற்காகக் காத்திருந்தோம்.

எங்கள் பக்கத்தில் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியார் அம்பலவாணர், வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்த அன்றுகூட அவர் முகத்தில் அத்தனை பெருமையை நான் பார்த்ததில்லை.

ஒவ்வொருவராக உள்ளே போக வேண்டும். துரை ஏதோ கேட்பார். பதில் சொல்லிவிட்டு வரவேண்டும். எனக்கு முன்னால் கோவிந்தன் போனான். பக்கத்து வீட்டுக்காரன், என்னோடு ஒரே நிரையில் பால் வெட்டுகிறவன், எங்கள் வகுப்பிலே முதல் மாணவன். திரும்பி வரும்போது அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"என்னாடா கேட்டாரு?" என்றேன்.

"என்னமோ கேட்டாருடா. இந்தியான்னாரு. ஹேப்பின்னாரு. நான் விடுவனா? யெஸ் சார், வெரி ஹேப்பி சார், தேங்க்யூ சார்னு மூணையும் அடுக்கிட்டேன். அப்படியே சிரிச்சிட்டாரு லா!"

நானும் போனேன். நானும் அடுக்கினேன். எனக்கும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முன்னாலிருந்த தாளில் பென்சிலால் ஒரு குறி போட்டார். பன்னிரண்டு பேரும் தேறிவிட்டோம்.

எதிலே தேறினோம் என்பது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்கு முன்னால் நாங்கள் இங்கிலீஷ் படித்த கதையைச் சொல்லியாக வேண்டும். 'தோட்டத்தில் பால் வெட்டியவர் என்கிறீர்கள், இங்கிலீஷ் எப்படி வந்தது?' என்று பெம்பானிலிருந்து ஒரு வாசகி இந்தப் பத்திரிகைக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். அம்மணி, இப்படித்தான் வந்தது. வந்த வேகத்தில் என்னையே கப்பலேற்றப் பார்த்தது.

நடுவிலே ஒருவர்

கல்லுமலைத் தோட்டம் என்பது நாங்கள் வைத்த பெயர். வெள்ளைக்காரன் வைத்த பெயர் வேறு. அது எங்கள் வாயில் நுழையாது. சிம்பாங் அம்பாட் சந்தியிலிருந்து செம்மண் ரோட்டில் நாலு மைல் உள்ளே போகவேண்டும். மேட்டில் துரை பங்களா. பள்ளத்தில் எங்கள் லயம், ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வரிசை வீடுகள். இரண்டுக்கும் சரியாக நடுவில், ஜன்னலுக்குத் திரை போட்ட கிராணியார் வீடு.

வீடு மட்டுமல்ல, மனிதரும் நடுவில்தான் இருந்தார். எங்களில் ஒருவனுக்கு ஒரு குறை என்றால் முதலில் கங்காணியிடம் சொல்லவேண்டும். கங்காணி கிராணியாரிடம் சொல்லுவார். கிராணியார் அதை இங்கிலீஷாக்கித் துரையிடம் சொல்லுவார். இந்தப் பிரயாணத்தில் குறை எப்படியோ குணமாகிவிடும்.

ஒரு மழைக்காலத்தில் என் வீட்டுக் கூரை ஒழுகியது. பானை, சட்டி, வாளி எல்லாம் வைத்தும் போதவில்லை. துரை லயம் பார்க்க வந்தபோது நானே வாயைத் திறந்து, "கூரை ரொம்ப ஒழுகுதுங்க, படுக்க இடமில்லீங்க" என்றேன். கிராணியார் அதை மொழிபெயர்த்தார். துரை மலர்ந்த முகத்தோடு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கூரை அடுத்த மழைக்கும் ஒழுகியது. நான் சொன்னது அவர் வாயில் 'தேங்க்யூ சார்' என்று முடிந்ததை மட்டும் காதால் கேட்டேன். அதற்கு அர்த்தம் தெரிய எனக்கு இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று.

அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்திலே பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு, கடல் தாண்டி வந்து, மூன்று பெண்களைக் கரையேற்ற வேண்டிய மனிதர். துரையின் முகம் கோணினால் அவருக்கு அன்று சோறு இறங்காது. அந்த முகம் கோணாமல் பார்த்துக்கொள்வதையே உத்தியோகமாகச் செய்தார். ஒழுகுகிற கூரைகளைத் துரையின் காதுக்குள் விடாமல் இருபது வருஷம் காவல் காத்தவர் அவர்.

கட்லெட்

துரை இளவயசுக்காரர், தோட்டத்துக்கும் புதிது. அவர் ஒருநாள் விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்துக்கு வந்து, எங்கள் எல்லோரையும் பார்த்து "குட் மார்னிங்" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. என்ன தப்பு செய்தோமோ என்று இரண்டு பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய்விட்டார்கள். துரையின் முகம் விழுந்துவிட்டது. அதோடு கிராணியார் முகமும் விழுந்தது.

அன்று சாயங்காலமே அறிவிப்பு வந்தது. "விருப்பமான ஆக்கள் என்ர வீட்டை வாங்கோ. இங்கிலீஷ் சொல்லித் தாறன்."

வாரத்தில் மூன்று நாள், ஐந்து மணிக்கு, அவர் குசினிக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் வகுப்பு. குரு தட்சிணை ஞாயிற்றுக்கிழமை. அவருடைய காய்கறித் தோட்டத்தைக் கொத்தி, களை பிடுங்கி, தண்ணீர் ஊற்ற வேண்டும். எங்கள் இங்கிலீஷைவிட அவருடைய பாகற்கொடி வேகமாக வளர்ந்தது என்பதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

எனக்குக் கல்யாணமாகிச் சில மாதம்தான். ஸ்டோரில் பால் நிறுக்கிற வேலை கிடைத்தால் கொசுக்கடியிலிருந்து தப்பலாம் என்பது வெளியில் சொன்ன காரணம். அஞ்சலைக்கு முன்னால் இங்கிலீஷ் பேசிக் காட்ட வேண்டும் என்பது சொல்லாத காரணம். கோவிந்தனுக்கோ ஒரு காரணமும் கிடையாது. அவனுக்கு அந்தச் சத்தமே பிடித்துப்போயிற்று. மரத்தைச் சீவும்போதும் சொல்லுவான், குளிக்கும்போதும் சொல்லுவான், தன் கைக்குழந்தையைத் தாலாட்டும்போதுகூடச் சொல்லுவான்.

முதலில் சொற்கள். கிராணியாருக்குத் தெரிந்த அன்றாட வாழ்க்கைச் சொற்கள் எல்லாம் துரை பங்களாவுக்குள்ளே கண்டெடுத்தவை. ஆகவே நாங்கள் டவல் படித்தோம், கர்ட்டன் படித்தோம், டீபாட் படித்தோம், டென்னிஸ் படித்தோம். கட்லெட் என்ற சொல்லைப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து மூன்று தடவை உரக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் மரவள்ளிக்கிழங்கு தின்றோம்.

ஒருநாள் நான் கேட்டேன், "ஐயா, பசிக்கு இங்கிலீஷ்லே என்னாங்க?"

"அது இப்ப தேவையில்லை."

"காய்ச்சலுக்குங்க?"

"மாரிமுத்து, நீர் எப்பவும் அபசகுனமாத்தான் கதைப்பீர். முதல்ல மரியாதையான சொல்லுகளைப் பாடமாக்கும். விளங்குதே?"

விளங்கியது. எனக்கு வகுப்பில் மக்கு என்று பெயரும் வந்தது.

நாற்பது

சொற்கள் முடிந்ததும் வாக்கியங்கள். மொத்தம் நாற்பது. துரைமாரோடு பேசுவதற்கு ஒரு மனிதனுக்கு நாற்பது போதும், இருபது வருஷமாகத் தனக்குப் போதுமாயிருந்திருக்கிறது என்றார் கிராணியார். தமிழ் எழுத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டோம். எழுதத் தெரியாதவர்கள் பாட்டாகப் பாடம் பண்ணினார்கள்.

குட் மார்னிங் சார். யெஸ் சார். வெரி குட் சார். அட் ஒன்ஸ் சார். சாரி சார். ஐயாம் வெரி ஹேப்பி சார். தேங்க்யூ சார். வெரி கைண்ட் ஆஃப் யூ சார். இருபத்தேழாவது வாக்கியத்துக்கு அர்த்தம், 'தவறு என்னுடையதுதான் துரையே.' என்ன தவறு என்று தெரிவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடவேண்டும் என்பது கிராணியார் கொடுத்த விசேஷக் குறிப்பு.

நான் வீட்டில் உட்கார்ந்து உருப்போடுவேன். அஞ்சலை அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாள்.

"இதுக்கு என்னா அர்த்தம்?"

"சரிங்க தொரேன்னு அர்த்தம்."

"அதுக்கு?"

"ரொம்பச் சரிங்க தொரே."

"அப்புறம் வந்ததே, அது?"

"இப்பவே செய்றேங்க தொரே."

முறத்தை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கும்புடுறேன் சாமின்னு தமிழ்லே ஒரு வாட்டி சொன்னாப் பத்தாதா? இதுக்குப் போயி ஞாயித்துக்கெழமையெல்லாம் அந்தாளு பாவக்காய்க்குத் தண்ணி ஊத்துறியே!"

படிப்பின் அருமை தெரியாதவள் என்று அன்று எனக்குக் கோபம் வந்தது. நாற்பது வாக்கியத்தையும் அவள் நாற்பது நிமிஷத்தில் மதிப்புப் போட்டுவிட்டாள். எனக்கு ஒரு வருஷமாகியும் தெரியவில்லை.

இங்கே துரையின் தமிழைப் பற்றியும் சொல்லவேண்டும். அவரும் படித்துக்கொண்டிருந்தார். தமிழ் தெரியாத துரைக்குத் தோட்டத்தில் மேலே ஏற முடியாது. அதற்கென்றே ஒரு புத்தகம் வைத்திருந்தார். பங்களா சமையல்காரர் ஒருநாள் அதைச் சட்டைக்குள் மறைத்து லயத்துக்குக் கொண்டுவந்தார். வாங்கி வாசித்தேன். 'குதிரையைக் கொண்டுவா. இது ஏன் அழுக்காயிருக்கிறது? சீக்கிரம் போ. அங்கே நில். நீ பொய் சொல்லுகிறாய்.' முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இதே சங்கீதம். 'நீ சாப்பிட்டாயா' என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

அவர் புத்தகத்தில் கட்டளை மட்டும். எங்கள் நோட்டில் சம்மதம் மட்டும். இரண்டு பக்கமும் இவ்வளவு பொருத்தமாகப் படித்துக்கொண்டு வந்தால் சண்டை எங்கிருந்து வரும்?

பலகையில் பெயர்

ரப்பர் விலை விழுந்துகொண்டே இருந்த காலம் அது. மரத்தில் பால் இருந்தது, வாங்க ஆள் இல்லை. பக்கத்துத் தோட்டங்களில் லயம் லயமாகக் காலி செய்து ஆட்களை நாகப்பட்டணம் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அது வராது என்று நினைத்திருந்தோம். நாங்கள்தான் இங்கிலீஷ் படித்தவர்களாயிற்றே.

பரீட்சை நடந்த மூன்றாம் நாள் ஆபீஸ் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கங்காணி சத்தமாக வாசித்தார். 'தங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் இந்தியா திரும்புகிறவர்கள்.' கீழே பன்னிரண்டு பெயர், குடும்பத்தோடு. நாலாவது பெயர் கோவிந்தன். ஐந்தாவது மாரிமுத்து, பெண்சாதி அஞ்சலை. வெள்ளிக்கிழமை காலை தம்பின் ஸ்டேஷனுக்கு லாரி.

துரை கேட்ட கேள்வி அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. இந்தியாவுக்குத் திரும்பிப் போக உனக்குச் சந்தோஷம்தானே என்று கேட்டிருக்கிறார். வெரி ஹேப்பி என்று பன்னிரண்டு பேரும் சொல்லியிருக்கிறோம். தேங்க்யூவும் சொல்லியிருக்கிறோம்.

திரும்பிப் போவதாம்! போனவன்தானே திரும்ப முடியும்? நான் பிறந்தது அதே லயத்தில் ஏழாம் நம்பர் வீட்டில். அப்பா சேலம் பக்கம் ஏதோ ஓர் ஊர் என்று சொல்லுவார். ஊரின் பெயர் அவரோடு போய்விட்டது. அவரையும் அம்மாவையும் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால்தான் புதைத்திருக்கிறது. அஞ்சலையின் தாய் இரண்டு மைல் தள்ளி அடுத்த தோட்டத்தில் இருந்தாள். அஞ்சலைக்கு அப்போது ஐந்து மாதம். காலையில் கஞ்சித் தண்ணீர்கூடத் தங்காது. அவளைக் கப்பலின் அடித்தட்டில் போட்டுக்கொண்டு எந்த ஊர் போய், யார் வீட்டு வாசலில் நிற்பது?

நேரே கிராணியார் வீட்டுக்குப் போனேன். அவர் பாகற்பந்தலுக்குக் கீழே நின்றார்.

"ஐயா, எனக்குப் போக இஷ்டமில்லீங்க. தொரைகிட்டே சொல்லிடுங்க."

"துரை கேட்டவர். வெரி ஹேப்பி எண்டு நீர்தானே சொன்னனீர்? நான் நடுவில என்ன செய்யிறது?"

நடுவிலே ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

"சரிங்க. நானே சொல்லிக்கிறேன். போகமாட்டேன்னு இங்கிலீஷ்லே எப்படீங்க சொல்றது?"

கிராணியார் ஒரு பாகற்காயைப் பறித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"துரைமாரோட கதைக்கிற இங்கிலீஷில அப்பிடி ஒரு வசனம் இல்லை, மாரிமுத்து."

பொய் சொல்லுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். மனிதர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

காதர் பாய் கடை

சிம்பாங் அம்பாட் சந்தியில் காதர் பாய் மளிகைக் கடை வைத்திருந்தார். கருவாடு, மண்ணெண்ணெய், வெற்றிலை, சீனருக்கு ஊதுவத்தி, மலாய்க்காரருக்குச் சாரோங், மற்றத் தோட்டத்துத் துரைசாணிகளுக்கு பிஸ்கட் டின். எல்லோரோடும் அவரவர் பாஷையில் பேசுவார். பள்ளிக்கூட வாசலை மிதித்தவரில்லை.

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தராசை இறக்கி வைத்தார்.

"ஒரு வருசமா என்னாதான் படிச்சீங்க தம்பி?"

"நாப்பது வாக்கியம், பாய்."

"நாப்பதுலே இது இல்லியா?"

"இல்லே, பாய்."

"யா அல்லா! எனக்கு ஆறு பாஷையிலே வியாபாரம். ஆறுலேயும் நான் மொதமொதல்ல படிச்சது அந்த ஒரு சொல்லுதான். அது இல்லாட்டிப் பேரம் ஏது? கேட்டவுடனே சரி சரின்னா, சாயங்காலம் என் கடையிலே தராசுகூட மிஞ்சாது லா."

"அது என்னா சொல்லு, பாய்?"

"நோ."

நான் காத்திருந்தேன். "அப்புறம்?"

"அப்புறம் வாயை மூடிக்கிடணும். அதான் கஷ்டம்."

எனக்குப் பெரிய ஏமாற்றமாகப் போயிற்று. கட்லெட்டைவிடச் சின்னது. ஒரு வருஷம் கொத்திய பாத்திகளும் சுமந்த தண்ணீரும் கண் முன்னால் வந்து நின்றன.

திரும்பும் வழி நாலு மைலும் மரங்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே நடந்தேன். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நோ. சைக்கிளில் வந்த ஒரு மலாய்க்காரர் இறங்கி, எனக்கு உடம்பு சரியில்லையா என்று அன்பாக விசாரித்தார். வீட்டிலும் சொல்லிப் பார்த்தேன். அஞ்சலை அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அர்த்தம் கேட்கவில்லை. நான் சொல்லும்போது என் முகம் இருந்த இருப்பிலேயே தெரிந்துகொண்டாள் போலிருக்கிறது.

பென்சில் கோடு

மறுநாள் வியாழக்கிழமை. வெட்டு முடிந்ததும் ஆபீசுக்குப் போனேன். துரை மேஜைக்குப் பின்னால். கிராணியார் பக்கத்து மேஜையில். என்னைக் கண்டதும் அவர் கண்ணாலேயே போ போ என்றார்.

"குட் மார்னிங் சார்," என்றேன். முதல் வாக்கியம் தடங்கலின்றி வந்தது.

துரை நிமிர்ந்தார். தாளைப் பார்த்தார். ஏதோ கேட்டார். இந்தியா காதில் விழுந்தது. ஹேப்பி காதில் விழுந்தது. இதுதான் சமயம். மூச்சை இழுத்தேன். வாயைத் திறந்தேன்.

"யெஸ் சார்," என்றது என் வாய். "வெரி ஹேப்பி சார்."

நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம் போலிருந்தது. ஒரு வருஷமாக வாரம் மூன்று நாள் பழக்கிய நாக்கு. நாலு மைல் பழக்கத்துக்கு அது மசியுமா?

"நோ!"

என் வாய் அல்ல. வாசற்படியில் அஞ்சலை நின்றாள். தலையில் கட்டிய துணி, முழங்கை வரை ரப்பர் பால் கறை. லயத்துப் பெண் ஒருத்தி அந்தப் படியில் கால் வைத்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. கிராணியார் கையிலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது.

"சேர் எண்டு சொல்லும் பிள்ளை," என்று கிசுகிசுத்தார். "நோ சேர் எண்டு சொல்லும்!"

அஞ்சலை அவரைப் பார்க்கவில்லை. துரையைப் பார்த்தே இன்னொரு தடவை சொன்னாள். "நோ."

சொல்லிவிட்டு, காதர் பாய் சொன்ன அந்தக் கஷ்டமான காரியத்தையும் செய்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

துரைக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் கிராணியாரிடம் அவள் பெயரைக் கேட்டார். தாளில் விரலை ஓட்டிக் கண்டுபிடித்தார். பென்சிலால் ஒரு கோடு போட்டார். அஞ்சலை என்ற பெயர்மேல் மட்டும். பிறகு எங்களைப் பார்த்து, தம் புத்தகத்துத் தமிழில் தீர்ப்புச் சொன்னார்.

"பொம்பளே நில்லு. நீ போ."

நோ சொன்னவள் இருக்கிறாள், யெஸ் சொன்னவன் போகிறான். வெள்ளைக்காரன் நியாயத்தில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எப்படியோ அந்தச் சொல்லைப் பிடித்து வெளியே தள்ளினேன்.

"நோ சார்." பழக்கம் விடுமா? கூடவே, "தேங்க்யூ சார்."

துரை வாய்விட்டுச் சிரித்தார். கிராணியாரிடம் ஏதோ சொன்னார். இன்னொரு கோடு போட்டார். இரண்டாவது கோப்பைத் தேநீர் வேண்டாம் என்று சீமையில் கனவான்கள் இப்படித்தான் சொல்லுவார்களாம். என் இங்கிலீஷைத் துரை மெச்சினாராம். கிராணியார் பிற்பாடு சொன்னார்.

அவ்வளவுதான். அரை அங்குலக் கோடு. இவ்வளவு சுலபமா என்று முதலில் சந்தோஷம் வந்தது. ஆபீஸ் படி இறங்குவதற்குள் அது ஆத்திரமாகிவிட்டது.

முதல் மாணவன்

லயத்துக்கு ஓடினேன். வீடு வீடாகச் சொன்னேன். மூன்று பேர் உடனே ஆபீசுக்கு ஓடினார்கள். இரண்டு பேருக்குக் கோடு கிடைத்தது. மூன்றாமவன் உள்ளே போனபோது துரைக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "துரைக்கு இண்டைக்கு நேரமில்லை" என்று சொல்லிக் கிராணியார் கதவைச் சாத்தினார்.

கோவிந்தன் ஓடவே இல்லை. மனைவி தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டே அழுதாள். அவன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தொரைகிட்டே போயி நோவா? அது மரியாதை கெட்ட பேச்சுடா. நாப்பதுலே அது எங்கடா இருக்கு?"

"நாப்பதை விட்டுத் தொலைடா! உனக்குப் போக இஷ்டமா இல்லியா, அதைச் சொல்லு."

"இஷ்டமில்லேதான்," என்றான். "ஆனா மொகத்தைப் பார்த்து எப்படிடா சொல்றது?"

வெள்ளிக்கிழமை காலை லாரி வந்து நின்றது. எல்லோரும் ஏறின பிறகு கோவிந்தன் ஒரு தீர்மானத்தோடு குதித்து இறங்கினான். ஆபீஸை நோக்கி நடந்தான். உதடு அசைந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியும், அந்தச் சொல்லைத்தான் பழக்கிக்கொண்டு போனான். துரை எதிரே படியிறங்கி வந்தார். அவனைக் கண்டதும் தொப்பியைத் தொட்டு, "குட் மார்னிங்" என்றார்.

"குட் மார்னிங் சார்," என்றான் கோவிந்தன். கொஞ்சம் நின்றான். நான் மனசுக்குள்ளே சொல்லுடா சொல்லுடா என்று கத்தினேன். "வெரி கைண்ட் ஆஃப் யூ சார்."

துரை அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். என் ஒழுகுகிற கூரைக்குத் தட்டிய அதே தட்டு. அவன் திரும்பி வந்து லாரியில் ஏறிக்கொண்டான். என்னைப் பார்க்கவில்லை.

வகுப்பு அதோடு நின்றது. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் பாகற்கொடியும் காய்ந்தது. அந்த வருஷக் கடைசியில் ஆபீசில் ஆட்குறைப்பு வந்தது. கிராணியாரை அழைத்து, அவர் உத்தியோகம் இனி இல்லை என்று துரை சொன்னார். வெரி குட் சார் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாராம். அவருடைய டிரங்குப் பெட்டியை ரோடு வரைக்கும் நான்தான் சுமந்தேன். வழியெல்லாம் அவரைக் குத்திக் காட்ட நல்ல வாசகங்கள் தோன்றின. மூன்று பெண்களும் முன்னால் நடந்துகொண்டிருந்தார்கள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினேன்.

ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. ஒருநாள் காதர் பாய் கடை விலாசத்துக்குக் கோவிந்தனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. மழையில்லை, வேலையில்லை, சொந்தக்காரர்கள் முதல் வாரம்தான் சோறு போட்டார்கள் என்று எழுதியிருந்தான். பிறகு எழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது. ஊரிலே பத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறானாம். கேழ்வரகு கொண்டுவந்து கொடுக்கிறார்களாம். எல்லோரும் வாத்தியார் என்று கூப்பிடுகிறார்களாம். 'நாற்பதில் ஒன்றுகூட மறக்கவில்லை' என்று முடித்திருந்தான்.

பாயிடம் கார்டு வாங்கி அங்கேயே உட்கார்ந்து பதில் எழுதினேன். அஞ்சலை இடுப்பில் பிள்ளையோடு பக்கத்தில் நின்றாள். 'நாற்பத்தோராவது வாக்கியம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதை முதலில் சொல்லிக் கொடு' என்று எழுதி, அதன் கீழே பெரிதாக எழுதினேன்: நோ சார்.

"படி," என்றாள் அஞ்சலை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. படித்தேன்.

"இதுலே 'சார்' எது?"

காட்டினேன்.

பிள்ளையை என் மடியில் இறக்கிவிட்டு, என் கையிலிருந்த பென்சிலை வாங்கினாள். அந்தச் சொல்லின்மேல் ஒரு கோடு போட்டாள். கார்டை அப்படியே தபாலில் போட்டேன்.